அதிகம் மிதிபடும் இடங்களுக்குத் தரை போடுவது எப்படி: அஞ்சடி முதல் கொல்லை வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் முதலில் கைவைப்பது முற்றத்தில்தான். ஒரு கார், இரண்டு மோட்டார் சைக்கிள், முன்னால் அஞ்சடி (வாசலை ஒட்டிய தாழ்வாரம்), பக்கத்தில் ஒடுக்கமான சந்து, பின்னால் துணி துவைக்கும் இடம். இவ்வளவையும் நாள் முழுக்க மிதித்துத் தேய்ப்பவர்கள் ஐந்தாறு பேர். என் வீட்டில் இந்த வேலையை இரண்டு முறை செய்தேன். முதல் முறை போட்ட தளம் மூன்றாம் ஆண்டில் பிளந்துவிட்டது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் பல வீடுகளுக்கு உடன் நின்று செய்து கொடுத்திருக்கிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறும் இடம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதல் வேலையாக டைல்ஸ் கடைக்குப் போய்விடுகிறார்கள். நிறம் பிடித்துவிடுகிறது, முன்பணம் கட்டிவிடுகிறார்கள், பிறகு அந்த டைல்ஸுக்கு ஏற்றபடி முற்றத்தை வளைக்கப் பார்க்கிறார்கள். நடை, தண்ணீர், பாரம், மண் என்ற நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் மேலே என்ன போடுவது என்ற கேள்விக்கே வர வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

1. ஒரு வாரம் எதையும் வாங்காமல் நடையைப் பாருங்கள்

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைக் கையால் போட்டுக்கொள்ளுங்கள். யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று ஒரு வாரம் கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். கேட்டிலிருந்து அஞ்சடிக்கு, சமையலறைக் கதவிலிருந்து கொடிக்கு, கேஸ் தோங்கை (சிலிண்டரை) உருட்டிக்கொண்டு போகும் வழி, பிள்ளைகள் சைக்கிளைச் சாத்தும் சுவர். கோடு தடித்துப்போகும் இடங்கள்தான் உறுதியான தரையைக் கேட்கும் இடங்கள்.

புல் இருந்தால் வேலை இன்னும் சுலபம். புல் தேய்ந்து மண் தெரியும் தடம் பொய் சொல்லாது. எங்கள் வரிசையில் ஓர் அக்கா வீட்டில், கேட்டிலிருந்து நேராகப் போய் மூலையில் திரும்பும்படி அழகாகக் கான்கிரீட் பலகைகள் பதித்தார்கள். வீட்டார் எல்லாரும் பழையபடி குறுக்கேதான் நடந்தார்கள். ஆறு மாதத்தில் பலகைகள் புதிதாகவே கிடந்தன. பக்கத்தில் சேற்றுத்தடம் ஆழமாகிவிட்டது. கால் போகிற வழியில் தரை போட வேண்டும். தரை போகிற வழிக்குக் காலைப் பழக்க முடியாது.

அகலத்தையும் இப்போதே குறித்துவிடுங்கள். கையில் துணிக்கூடையோடு ஒருவர் போக 900 மில்லிமீட்டர் வேண்டும். எதிரே ஒருவர் வருவார், அல்லது சக்கர நாற்காலி போக வேண்டும் என்றால் 1200. குறுகலாகப் போட்டுவிட்டால் ஓரத்து மண் மிதிபட்டு, அந்தச் சேறு தரைமேல் ஏறும்.

யாருடைய கால் என்பதும் முக்கியம். நாம் வாசலில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். கொல்லையில் ஈரச் சாரோங்கோடு வரும் பாட்டிக்கும் காலணி போட்டு வரும் விருந்தாளிக்கும் ஒரே தரை ஒத்துவராது.

2. அடைமழையில் குடையோடு வெளியே நில்லுங்கள்

இதைச் செய்யாமல் கான்கிரீட் ஊற்றியவர்கள் எல்லாரும் பிறகு துடைப்பத்தோடு தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் இடியோடு கொட்டும் மழை நமக்குப் புதிதில்லை. அப்போது வெளியே நின்று மூன்றைக் கவனியுங்கள்: கூரைத் தண்ணீர் எந்தக் கோட்டில் விழுகிறது, முற்றத்தில் எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது. தேங்கும் இடங்களின் ஓரத்தில் குச்சி நட்டு வையுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் தண்ணீர் நிற்கும் இடம்தான் உங்கள் உண்மையான சிக்கல்.

வெளித்தரைக்கு வாட்டம் கட்டாயம். 60 அடி நீளத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில், 6 மீட்டர் நீளமுள்ள கார் நிறுத்துமிடம் வீட்டுப் பக்கத்திலிருந்து கால்வாய்ப் பக்கம் 100 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். கண்ணுக்குச் சமதளம்போலத்தான் தெரியும். தண்ணீருக்கு அது போதும். இதைவிடக் குறைத்தால், கொத்தனார் கை சற்றே பிசகினாலும் குட்டை நிற்கும். குட்டை நிற்கும் இடத்தில் பாசி பிடிக்கும், பாசி பிடித்த இடத்தில் வயதானவர்கள் விழுவார்கள்.

வாட்டத்தைக் கண்ணால் பிடிக்காதீர்கள். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் இரண்டு முளைகளில் பிடித்தால், இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து கீழே அளந்து நூல் கட்டுங்கள். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தவறும். குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டிவிட்டு அளக்க வேண்டும்.

கூரைச் சொட்டு விழும் கோட்டில் தாவாரக் குழாய் இல்லை என்றால், அந்தக் கோட்டுக்கு மட்டும் கருங்கல் சல்லி போட்டுவிடுங்கள். சொட்டு தொடர்ந்து விழும் இடத்தில் சிமெண்டுப் பூச்சு அரித்து, உள்ளிருக்கும் கல் வெளியே தெரியத் தொடங்கும்.

வீட்டுக்கு வெளியே உள்ள கால்வாய் உங்களுடையதல்ல. அதன்மேல் பலகை போட்டு மூடவோ, குழாய் இணைக்கவோ நினைத்தால் முதலில் ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் பாயும்படி வாட்டம் வைத்தால் அது பல ஆண்டுப் பகையாக முடியும்.

3. பாரம் எந்தப் புள்ளியில் இறங்குகிறது?

கார் என்றதும் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஒரு மைவி கார் ஏறக்குறைய ஒரு டன் எடை. அது நான்கு அகலமான சக்கரங்களில் பரவுகிறது. தரையை உடைப்பது பெரும்பாலும் ஒரு புள்ளியில் இறங்கும் எடை. கப்சாய் மோட்டார் சைக்கிளின் சாய்கால், நிறைந்த கேஸ் தோங்கை லோரிக்காரர் தொப்பென்று வைப்பது, ஆட்டுக்கல், இரும்புக் கால் வைத்த பூந்தொட்டித் தாங்கி. இவை நிற்கும் இடங்களை வரைபடத்தில் வட்டமிடுங்கள்.

அடுத்தது, என்றாவது உள்ளே வரக்கூடிய பெரிய வண்டி. மணல் லோரி உங்கள் முற்றத்தில் ஏறித் திரும்புமா? ஆம் என்றால் தளத்தின் கனமே மாறும். செப்டிக் தொட்டி இருந்தால் அதன் மூடியும் திறக்கும்படி இருக்க வேண்டும். மூடிமேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிட்டு, பிறகு கழிவு அடைத்தபோது புத்தம்புதுத் தரையை உடைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

4. மண்ணும் அடித்தளமும்: இங்கேதான் காசு போக வேண்டும்

என் முதல் தளம் பிளந்தது சிமெண்டின் குற்றமில்லை. கீழே நான் நிரப்பிய மண்ணை மிதித்துச் சமப்படுத்தியதோடு விட்டுவிட்டேன். மண் மெல்ல அமர்ந்தது. மேலே இருந்த கான்கிரீட்டுக்கு அடியில் வெற்றிடம் உண்டானது. கார்ச் சக்கரம் அந்தப் பள்ளத்தின்மேல் நின்றது.

முதலில் கடப்பாரைச் சோதனை. மழை பெய்த மறுநாள், கம்பி ஒன்றை உங்கள் உடல் எடையால் மட்டும் மண்ணில் அழுத்துங்கள். சுலபமாக ஒரு சாண் இறங்கினால் அந்த மண் தளத்தைத் தாங்காது. ஐந்தாறு இடங்களில் குத்திப் பாருங்கள். ஓர் இடம் கெட்டியாகவும் பக்கத்து இடம் மெதுவாகவும் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் தளம் ஒரு பக்கம் மட்டும் அமர்ந்து முறியும்.

கறுப்பு மேல்மண், வேர், பழைய குப்பை, உடைந்த பலகை எல்லாவற்றையும் வெட்டி வெளியே போடுங்கள். வேர் மக்கினால் அங்கே பள்ளம். மரத்துண்டு கிடந்தால் கரையானுக்கு விருந்து.

பள்ளத்தை நிரப்புவதாக இருந்தால் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. 150 மில்லிமீட்டர் செம்மண் போட்டு, சற்று ஈரப்படுத்தி, தகடு அதிரும் இயந்திரத்தால் அமுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. இந்த இயந்திரம் ஊரில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். கையால் திமிசு போட்டால் மேல் இரண்டு அங்குலம் மட்டுமே இறுகும். கீழே பஞ்சுபோல் கிடக்கும். சேறாகக் குழையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினாலும் இறுகாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் ஈரப்பதம்.

செம்மண்ணுக்கு மேலே கிரஷர் ரன். கல்லுடைப்பு ஆலையில் சல்லியும் தூளும் கலந்தபடியே வரும் கல் அது. தூள் இடைவெளியை அடைக்க, கோணக்கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நடைபாதைக்கு அமுக்கிய பிறகு 100 மில்லிமீட்டர், காருக்கு 150. தூள் இல்லாத வெறும் சல்லியை வாங்கிவிடாதீர்கள், அது உருண்டுகொண்டே இருக்கும்.

இறுகிவிட்டதா என்று பார்க்க, மோட்டார் சைக்கிளை மேலே ஏற்றிச் சாய்காலில் நிறுத்துங்கள். கால் பதியாமல் நின்றால் மேலே போகலாம். பதிந்தால் மறுபடி அமுக்குங்கள். இந்த ஒரு சோதனைக்கு நான் யாருக்கும் விலக்கு தருவதில்லை.

மூடுவதற்கு முன் இரண்டு காரியம். தோட்டத்துக்கோ வாசல் விளக்குக்கோ பிற்காலத்தில் குழாய் வேண்டியிருக்கும். காலியான பிவிசி குழாய் ஒன்றைக் குறுக்கே புதைத்து, இரு முனையையும் மூடிவிடுங்கள். அடுத்து உயரம். வெளித்தளத்தின் மேல்மட்டம் வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது 150 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். மேலே மேலே போட்டு உயர்த்திக்கொண்டே போனவர்கள் வீட்டுக்குள் மழைத் தண்ணீரையும் சுவரில் கரையானையும் அழைத்தார்கள்.

5. இடத்துக்கு ஏற்ற மேற்பரப்பு

கார் நிறுத்துமிடம். எனக்கு முதல் தேர்வு, துடைப்பத்தால் கீறல் விட்ட கான்கிரீட். எண்ணெய் சொட்டினாலும் சாய்கால் குத்தினாலும் தாங்கும், ஈரத்தில் வழுக்காது. இரண்டாவது, 60 மில்லிமீட்டர் கனமுள்ள பேவர் கல் (மணல்மேல் அடுக்கும் தரைக்கல்). ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் எடுத்து மாற்றலாம். கீழே குழாய் வெடித்தால் கல்லைப் பெயர்த்துவிட்டு மறுபடி அடுக்கலாம். லோரி ஏறும் என்றால் 80 மில்லிமீட்டர் கல் வேண்டும். வண்டி ஏறும் இடத்தில் மீன்முள் வரிசையில் அடுக்குங்கள். நேர்வரிசையில் அடுக்கினால் சக்கரம் திரும்பும்போது வரிசை முழுவதும் நகர்ந்துவிடும்.

காருக்குக் கீழே வழவழப்பான டைல்ஸ் ஒட்டுவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்குப் பளபளவென்று இருக்கும். மழையில் காரைவிட்டு இறங்கும் அம்மாவுக்கு அது பனிக்கட்டி. டைல்ஸ்தான் வேண்டும் என்று மனம் வைத்துவிட்டால் கரடுமுரடான வகையை மட்டும் எடுங்கள். எப்படித் தேர்வது என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

தார் சிறிய முற்றத்துக்குக் கட்டுப்படியாகாது. உச்சிவெயிலில் இளகும், சாய்கால் பதியும், சிந்திய பெட்ரோலும் எண்ணெயும் அதைக் கரைக்கும்.

அஞ்சடி. இங்கே கோலம் போடுவோம், விளக்கு வைப்போம், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசுவோம். மங்கலான மேற்பரப்புள்ள போர்சலின் டைல்ஸ் பொருந்தும். எண்ணெய் உள்ளே ஊறாது, கோலப்பொடியைப் பெருக்கினால் போய்விடும். சலவைக்கல்லை இங்கே போட வேண்டாம். ஈப்போவைச் சுற்றி நிற்கும் மலைகளைப்போலவே சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைதான்; எலுமிச்சையோ புளியோ பட்டால் புளிப்பு அதை அரித்து மங்கலாக்கிவிடும். மஞ்சள் கறை ஊறிப்போகும். படி விளிம்புகளில் மட்டும் பள்ளக்கோடு போட்ட டைல்ஸ் வையுங்கள், கால் விளிம்பை உணரும்.

பக்கச் சந்து. வெயில் படாது, ஈரம் காயாது. இங்கே சாதாரணக் கரடான கான்கிரீட்டே மேல். 100 மில்லிமீட்டர் போதும். வண்ணப்பூச்சு அடிக்காதீர்கள். ஈரமண்ணிலிருந்து மேலேறும் நீராவி பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

கொல்லையும் துவைக்கும் இடமும். சோப்பு, எண்ணெய், மீன் கழுவிய தண்ணீர், வெறுங்கால். வீட்டில் அதிகமாக விழுவது இங்கேதான். சிறிய டைல்ஸ் நல்லது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் எடுத்தால் இணைப்புக்கோடுகள் அதிகம், ஒவ்வொரு கோடும் காலுக்குப் பிடிமானம். சிறிய துண்டு என்பதால் தண்ணீர்ப் பொறியை (தரையில் தண்ணீர் இறங்கும் துளையை) நோக்கி நான்கு பக்கமும் வாட்டம் வைப்பதும் சுலபம். பெரிய டைல்ஸை நான்கு பக்கம் சாய்க்க முடியாது. குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும்.

துணிக்கொடியும் தோட்டமும். முழுவதும் சிமெண்டு போட்டால் வீடு கொதிக்கும், மழைத் தண்ணீருக்கு இறங்க இடமிருக்காது. அகன்ற இலையோடு தரையில் படரும் கவ் கிராஸ் புல்லை வளர்த்து, நடுவில் மிதிகற்கள் வைக்கலாம். கற்களின் இடைவெளியைப் புத்தகத்தில் தேடாதீர்கள். பாட்டியை அந்த வழியே இயல்பாக நடக்கச் சொல்லி, பாதம் விழும் இடத்தில் ஒவ்வொன்றாக முளை அடியுங்கள். எங்கள் வீட்டில் எனக்கு ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு 600 மில்லிமீட்டர் வந்தது; அம்மாவுக்கு 480. அம்மாவின் கணக்கில்தான் பதித்தேன்.

சல்லி போடுவதாக இருந்தால் கோணக்கல், 20 மில்லிமீட்டர் அளவு, அடியில் நெய்த வடிதுணி, ஓரத்தில் தடுப்பு. உருண்டைக் கூழாங்கல் காலடியில் உருளும். தோட்டச் சடக்குகளில் செம்பனைக் கொட்டை ஓட்டைக் கொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செடிகளுக்கு நடுவே உள்ள நடைவழிக்கு அது பொருந்தும், வெறுங்கால் நடைக்குப் பொருந்தாது.

மரத்தளம். செங்கால் மரம் நம் நாட்டில் உறுதிக்குப் பேர்போனது. ஆனாலும் மண்ணை ஒட்டிப் போட்டு, அடியில் காற்று ஓட இடம் விடாவிட்டால் அதையும் ஈரம் விடாது. அதிகம் மிதிபடும் வழிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டின் உள்ளே. கூடத்துக்கும் சமையலறைக்கும் மங்கலான போர்சலின். மரத்தோற்ற லேமினேட் பலகையின் இணைப்பில் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பும். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

6. கடையில் டைல்ஸைச் சோதிக்கும் விதம்

இப்போது கடைக்குப் போகலாம். ஒரு சிறிய புட்டியில் சோப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு குறி இருக்கும். எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு நடந்து பார்த்துத் தரும் அளவு அது. எண் ஏற ஏற வழுக்கல் குறைவு. மழை நனையும் இடத்துக்கு ஆர் 11 கேளுங்கள். ஈரமான வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனி வரிசை உண்டு. துவைக்கும் இடத்துக்கு பி அல்லது சி. ஆர் 13 வரை போக வேண்டாம். அந்தக் கரட்டில் அழுக்கு ஏறினால் தேய்த்து எடுக்க முடியாது.

குறி இல்லாவிட்டால் டைல்ஸைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு குதிகாலை முன்னே தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது, டைல்ஸின் முதுகில் சில சொட்டுத் தண்ணீர். சட்டென்று உறிஞ்சி ஈரத்திட்டாகப் பரவினால் அது சாதாரண செராமிக், சுவருக்கு ஆகும். சொட்டு அப்படியே நின்றால் போர்சலின். எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாததையே போர்சலின் என்கிறார்கள்.

மேலே கண்ணாடிபோன்ற பூச்சுள்ள டைல்ஸில் தேய்மானத்துக்கு பிஇஐ என்ற குறி 5 வரை இருக்கும். வாசலுக்கும் சமையலறைக்கும் 4க்குக் குறையக் கூடாது. செருப்பில் ஒட்டி வரும் மணல் உப்புத்தாள்போலப் பூச்சை அராவும். 2ஆம் எண் டைல்ஸ் வாசலில் நடைத்தடத்தோடு மங்கிப்போகும்.

மாதிரி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, வெறுங்காலால் மிதியுங்கள். கறுப்பு, அடர்சாம்பல் நிறங்கள் இதில் தோற்கும்.

7. அளவுக் கணக்கு

6 மீட்டருக்கு 3 மீட்டர் கார் நிறுத்துமிடத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 18 சதுர மீட்டர்.

கான்கிரீட் 125 மில்லிமீட்டர் கனம் என்றால் 2.25 கன மீட்டர். தளத்தின் மேடுபள்ளத்துக்காக 2.4 என்று வாங்குங்கள். பாதி ஊற்றியபின் கலவை தீர்ந்து மறுநாள் மீதியை ஊற்றினால், அந்த இணைப்பு ஆயுசுக்கும் பலவீனமாகவே இருக்கும்.

கிரஷர் ரன் 150 மில்லிமீட்டருக்கு அமுக்கியபின் 2.7 கன மீட்டர். அமுக்கும்போது அடங்குவதால், லோரியில் ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள்.

பேவர் 200க்கு 100 மில்லிமீட்டர் கல் என்றால் சதுர மீட்டருக்கு 50. மொத்தம் 900, உடைசலுக்கு 45 கூட்டி 945. டைல்ஸ் 600க்கு 600 என்றால், பெட்டிக்கு நான்கு வீதம் 1.44 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 14 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேறு தொகுதியில் நிறம் மாறும்.

8. கான்கிரீட் ஊற்றும் நாள்

மழை குறைந்த மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலை வசதி. எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டும், மாலை மழைக்குள் மேற்பரப்பு இறுகிவிடும். தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.

வீட்டுச் சுவரோடு கான்கிரீட்டை ஒட்ட விடாதீர்கள். வீடு அதன் அடித்தூண்களில் நிற்கிறது. முற்றம் மண்மேல் கிடக்கிறது. இரண்டும் ஒரே அளவில் அமர்வதில்லை. நடுவில் 10 மில்லிமீட்டர் நுரைப்பட்டை வைத்தால் முற்றம் தன் போக்கில் அமரும், சுவர் பிளக்காது.

பிஆர்சி கம்பிவலையில் ஏ6 வகை போதும். 6 மில்லிமீட்டர் கம்பி, 200 மில்லிமீட்டர் கட்டம். வலையைத் தரையில் விரித்து அதன்மேல் ஊற்றுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அடியில் கிடக்கும் வலை மேலே வரும் விரிசலைப் பிடிக்காது. சிமெண்டுக் கட்டைகளை முட்டுக்கொடுத்து, தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்கும்படி செய்யுங்கள். ஊற்றும்போது யாரும் அதை மிதித்து அமிழ்த்தாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கலவை: நடைபாதைக்குச் சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு. காருக்கு ஒன்று, ஒன்றரை, மூன்று. அல்லது கலவை லோரியில் கிரேட் 25 என்று கேட்டு வாங்குங்கள். தள்ளுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். தடுத்து நிறுத்துங்கள். கூடுதல் தண்ணீர் வற்றிய இடம் முழுவதும் நுண்துளைகளாகி, தளம் பலமிழந்து மேலே தூள் பறக்கும். மேற்பரப்பு மின்ன வேண்டும் என்று ஈரத்தின்மேல் உலர்ந்த சிமெண்டைத் தூவுவதும் அப்படியே. மெல்லிய தோலாக உரிந்து வரும்.

மேலே கசிந்த நீர் மறைந்ததும் துடைப்பத்தை ஒரே வீச்சில், நடக்கும் திசைக்குக் குறுக்காக இழுங்கள். சீக்கிரம் இழுத்தால் சேறாகும், தாமதித்தால் கீறாது. பெருவிரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழ வேண்டும், விரல் ஈரமாகக் கூடாது. அதுதான் நேரம்.

மறுநாளுக்குள் 3 மீட்டருக்கு ஒரு வெட்டுக்கோடு, தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு. கான்கிரீட் சுருங்கும்போது எங்கேயாவது விரியத்தான் செய்யும். நீங்கள் காட்டிய கோட்டில் விரியட்டும்.

பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு. காலையும் மாலையும் மட்டும் குழாயால் அடித்துவிட்டு, நடுப்பகலில் காயவிடுவது நீராற்றுவதாகாது. சாக்கு எந்நேரமும் நனைந்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் கார் ஏறக் கூடாது. 14 நாள் பொறுத்தால் இன்னும் நல்லது. மேலே டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் 28 நாள் காத்திருங்கள். சுருங்கி முடிக்காத தளத்தின்மேல் ஒட்டினால் டைல்ஸ் பெயரும்.

9. டைல்ஸும் பேவரும் பதிக்கும்போது

டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டைப் பசை வைத்து அமுக்குவதை அனுமதிக்காதீர்கள். இடையில் வெற்றிடம் இருக்கும். கேஸ் தோங் வைத்த அன்று அங்கே உடையும். பல்கரண்டியால் தளம் முழுக்கப் பசை இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லிதாகத் தடவ வேண்டும். முதல் சில டைல்ஸை ஒட்டியவுடன் ஒன்றைப் பெயர்த்துப் பாருங்கள்; முதுகு முழுக்கப் பசை ஒட்டியிருக்க வேண்டும். பசை இறுகிய பிறகு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். கணீரென்றால் சரி, பறைபோல் ஒலித்தால் கூலி கொடுப்பதற்கு முன் மாற்றச் சொல்லுங்கள்.

வெளியே இணைப்பு 3 முதல் 5 மில்லிமீட்டர். கீழே கான்கிரீட்டில் வெட்டுக்கோடு உள்ள இடத்தில் டைல்ஸிலும் அதே கோட்டை விட்டு, இளகும் பசையால் நிரப்புங்கள்.

பேவருக்கு மணல் 30 மில்லிமீட்டர் மட்டுமே. அடித்தளத்துப் பள்ளத்தை மணலால் நிரவுகிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அந்தப் பள்ளம் அப்படியே மேலே தெரியும். நான்கு பக்கமும் கான்கிரீட்டில் ஊன்றிய ஓரக்கல் இல்லாமல் பேவர் போடவே கூடாது. ஓரம் விரிந்தால் நடுவும் தளரும்.

10. விசேஷ நாட்களை நினைத்து வைப்பது

சடங்கு, கல்யாணம், துக்கம் எதுவானாலும் முற்றத்தில் கூடாரம் எழும். ஆணி அடிக்க இடமில்லாமல் புது டைல்ஸைத் துளைத்த வீடுகள் இருக்கின்றன. தளத்தின் ஓரத்தில் கான்கிரீட் ஊற்றும்போதே நான்கு இரும்பு வளையங்களைப் பதித்துவிடுங்கள், அல்லது ஓரமாக ஓர் அடி மண்ணை விட்டுவையுங்கள்.

பெரிய அண்டாவில் விறகடுப்புச் சமையல் நடந்தால் வெறும் கான்கிரீட்டின்மேல் தீ மூட்டாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பு சில்லு சில்லாகத் தெறிக்கும். அடுப்பருகே நிற்கிறவர்களின் கண்ணுக்கு ஆபத்து. நான்கு அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி, பிறகு அடுப்பு. கொல்லையில் ஒரு மூலையை இதற்கென்றே மண்ணாக விட்டால் இன்னும் நல்லது.

11. பாசியும் பராமரிப்பும்

பச்சை தெரியும்போதே கவனித்தால் துடைப்பம் போதும். தடித்துவிட்டால் வெளுப்பு திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு இதைக் கலந்துவிடக் கூடாது. மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். அமிலம் கான்கிரீட்டையும் இணைப்புச் சிமெண்டையும் அரிக்கும்.

பேவர்மேல் அழுத்தத் தண்ணீர் அடித்தால் இடுக்கிலுள்ள மணல் பறந்துவிடும். கழுவிக் காய்ந்ததும் உலர்ந்த மணலைப் பரப்பித் துடைப்பத்தால் தள்ளி, இடுக்குகளை மறுபடி நிரப்புங்கள். தலைமயிர் அளவு விரிசல் தெரிந்தால் அதன் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் கோட்டின் இரு பாதியும் விலகியிருந்தால், அல்லது ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கீழே மண் நகர்கிறது. மேலே பூசி மறைக்காமல், அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, 4ஆம் பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.